நஞ்சும் கஞ்சியும்: மறதி நோய்க்கு மருந்து தேடும் கதை

1659 ஆம் ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்துப் புயலில் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் செப்பனிடுவதற்காகத் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவில் வந்து நங்கூரமிட்டதும், அதன் தலைவரும் அவருடைய மகன் ரொபர்ட் நொக்ஸும் அடுத்த ஆண்டு சித்திரையில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்டதும், தந்தை காய்ச்சலில் மாண்டபின்னும் மகன் விடுபடாமல், மொத்தம் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கைதியாகவே காலங்கழித்து 1679 இல் அரிப்புக் கோட்டையிலிருந்த ஒல்லாந்தரிடம் தப்பிச் சென்றதும் மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகள்கூட அறிந்த கதை. ஆனால் அந்தக் கதைக்கு ஒரு வாலுண்டு. வன்னிக் காடுகளின் கலங்கிய நீரைக் குடித்துக் காய்ச்சலில் வருந்திய காலத்தில், கஞ்சா இலையைப் பொடித்துச் சர்க்கரையோடு கலந்து காலை மாலை உண்டு உயிர் தப்பியதாக நொக்ஸ் தம் நூலில் எழுதினார். அவர் தந்த செய்தியை வைத்துக்கொண்டே 1689 டிசம்பரில் ரொபர்ட் ஹூக் என்னும் விஞ்ஞானி இலண்டன் ரோயல் சொசைட்டியில் அந்தச் செடியைப் பற்றி உரையாற்றினார் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. அதை உண்டவன் தான் கண்டதையும் செய்ததையும் சற்றும் நினைவில் வைத்திருப்பதில்லை என்றும், சித்தப்பிரமை கொண்டவர்களுக்கு அது ஒருவேளை பயன்படக்கூடும் என்றும் ஹூக் சொன்னார். மூளையைத் தொடும் தாவரமொன்றைப் பற்றி இந்தக் குடாவின் வழியாக மேனாட்டு விஞ்ஞான சபையை எட்டிய முதற்செய்தி, இவ்விதம், நினைவை வளர்க்கும் இலையைப் பற்றியதாக அமையாமல் நினைவைக் கெடுக்கும் இலையைப் பற்றியதாக அமைந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2019 இல் கனடாவின் டொரொன்டோ நகரத்து மருத்துவர்கள், அச்செடியின் சத்தைப் பின்பற்றிச் செயற்கையாக ஆக்கிய நாபிலோன் என்னும் மருந்து அல்சைமர் நோயாளரின் கொந்தளிப்பைத் தணிப்பதாக அறிவித்தார்கள் என்பதை ஹூக் அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். மருந்துண்டவர்கள் அளவுக்கு மிஞ்சிக் கண்ணயர்ந்தார்கள் என்பதும் அவருக்கு வியப்பாக இருந்திராது.

அந்தச் செடியை விடுவோம். திருகோணமலை மாவட்டத்தில் நினைவுக்கென்று ஒரு மூலிகையைச் சொல்லச் சொன்னால், தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற பேதமின்றி யாரும் தயங்காமல் சொல்வது வல்லாரையையே. தம்பலகாமத்து வரம்போரங்களிலும் கந்தளாய் வாய்க்கால் கரைகளிலும் ஈரம் கண்ட இடமெல்லாம் படரும் அந்தக் கொடி, பிடிபிடியாகக் கட்டப்பட்டுச் சந்தைக்கு வருகிறது. தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துத் தேசிப்புளி விட்டுச் சம்பலாகிறது. சாறு பிழிந்து சிவப்பரிசியோடும் தேங்காய்ப்பாலோடும் காய்ச்சினால் இலைக்கஞ்சியாகிறது. சோதனைக்குப் படிக்கும் பேரப்பிள்ளைக்கும், நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்லி அறளை பெயரத் தொடங்கிவிட்ட ஆச்சிக்கும் ஒரே கிண்ணத்திலிருந்து ஊற்றிக் கொடுக்கும் வீடுகள் இங்கே அநேகம். பரியாரிமார் இதனோடு நீர்ப்பிரமியையும் விஷ்ணுகிராந்தியையும் அமுக்கராக் கிழங்கையும் சேர்த்துச் சூரணமாகவும் நெய்யாகவும் தருவார்கள்.

இந்த நம்பிக்கைகளில் எவ்வளவு மெய்யென்று விசாரிக்கப் புகுமுன், நோய் இன்னதென்று சுருக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது. 1906 இல் ஜெர்மனிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், ஐம்பது வயது கடந்த சிறிது காலத்திலேயே நினைவிழந்து, கணவன்மீது சந்தேகங்கொண்டு, கடைசியில் படுக்கையில் கிடந்து இறந்த ஒரு பெண்ணின் மூளையை உருப்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்த்து, நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளும் உள்ளே முறுக்கிய நூற்சிக்கல்களும் இருந்தமையை எடுத்துரைத்தார். படிவுகள் அமிலாய்ட் என்னும் புரதத்தால் ஆனவை என்பதும், சிக்கல்கள் டௌ என்னும் புரதத்தால் ஆனவை என்பதும் 1980 களில் தெரியவந்தன. அதற்கு முன்பே, 1970 களின் நடுவில், நினைவுக்கு இன்றியமையாத அசெட்டில்கோலின் என்னும் நரம்புத் தூதுப்பொருளின் உற்பத்தி இந்நோயாளரின் மூளையில் குன்றிப்போவது கண்டறியப்பட்டிருந்தது. இலங்கையில் 2012 ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பீட்டின்படியே நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். றாகமைப் பிரதேசத்தில் நடத்தி 2003 இல் வெளியிட்ட ஆய்வொன்று, 65 வயதைக் கடந்தவர்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய நால்வருக்கு முதுமை மறதி நோய் உண்டென்றும், அவர்களுள் பெரும்பாலோருக்கு அது அல்சைமர் வகையே என்றும் கண்டது. 2023 இல் அமெரிக்கா முழுமையாக அங்கீகரித்த லெக்கனேமாப் என்னும் புதிய ஊசிமருந்து அமிலாய்டை அகற்றுகிறதாயினும், அதன் ஆரம்ப விலை ஆண்டொன்றுக்கு 26,500 டொலர். மூளையில் வீக்கமோ கசிவோ உண்டாகிறதா என்று அடிக்கடி படமெடுத்துப் பார்க்கவும் வேண்டும். இந்த நிலையில், வரம்பில் முளைக்கும் இலையொன்று அந்த வேலையைச் செய்யுமானால் என்ற ஆசை எழுவது இயற்கையே.

அந்த ஆசையைக் கேலி செய்யவும் இடமில்லை. ஏனென்றால், இன்று உலகெங்கும் இந்நோய்க்கு வைத்தியசாலைகளில் எழுதிக் கொடுக்கப்படும் மருந்துகளுள் இரண்டு தாவரங்களிலிருந்தே பிறந்தவை. ஆனால் அந்த இரண்டு தாவரங்களும் எத்தகையவை என்று பார்த்தால், நம்முடைய எதிர்பார்ப்பு தலைகீழாகிவிடுகிறது.

முதலாவது, மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் பிரதேசத்துக் கொடியில் காய்க்கும் ஒரு பயறு. சூனியம் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு அதை உண்ணக் கொடுத்து, வாந்தியெடுத்துப் பிழைத்தால் நிரபராதியென்றும், மாண்டால் குற்றவாளியென்றும் தீர்ப்புச் சொல்வது அங்கே வழக்கமாக இருந்தது. எடின்பரோ நகரத்து மருத்துவப் பேராசிரியர் ரொபர்ட் கிறிஸ்டிசன் 1855 இல் அதைத் தாமே தின்று பார்த்து, தலை சுற்றிக் கைகால் சோர்ந்துவரக் கண்டு, முகச்சவரத்துக்கென்று வைத்திருந்த சோப்புத் தண்ணீரை மடமடவென்று குடித்து வாந்தியெடுத்து உயிர் தப்பினார். 1864 இல் ஜெர்மனியர் இருவர் அதன் நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். 1935 இல் பேர்சி ஜூலியன் என்னும் கறுப்பின அமெரிக்க ரசாயன நிபுணர் அதைச் செயற்கையாகவே கட்டியெழுப்பினார். அசெட்டில்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்குவதுதான் அந்த நஞ்சின் தொழில். குன்றிப்போன தூதுப்பொருளைச் சற்று நீடித்து நிற்கச் செய்யவும் அதே தொழில் போதும் என்பதை உணர்ந்து, அந்த மூலக்கூற்றை மாதிரியாகக் கொண்டு ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்து மார்த்தா வைன்ஸ்டாக் உருவாக்கியதே ரிவாஸ்டிக்மின். இன்று குளிசையாகவும் தோலில் ஒட்டும் பட்டையாகவும் கிடைப்பது.

இரண்டாவது, பனி உருகும்போது காக்கேசிய மலைச்சாரல்களில் பூக்கும் வெண்ணிறச் சிறு பூச்செடியின் கிழங்கு. சோவியத் ஆராய்ச்சியாளர் 1950 களின் தொடக்கத்தில் அதன் குணத்தைக் கண்டனர். பல்கேரியாவில் டிமித்தர் பாஸ்கோவ் அதைப் பிரித்தெடுத்து, இளம்பிள்ளைவாதத்தால் விழுந்த கைகால்களுக்கு மருந்தாக்கினார். கலன்டமின் என்னும் அந்தப் பொருள் அரை நூற்றாண்டு சென்றபின், 2001 இல், அல்சைமருக்கென்று அமெரிக்க அங்கீகாரம் பெற்றது. அக்கிழங்கும் உண்ணத் தக்கதன்று. நம் கடற்கரை மணலிலும் வளவுகளின் வேலியோரத்திலும் வெள்ளைப் பூக்கொத்தோடு நிற்கும் விஷமூங்கில் அதே குடும்பத்துச் செடி. அதன் கிழங்கில் லைகோரின் என்னும் குமட்டல் நஞ்சு உண்டு. ஆகையால் இதை வாசித்துவிட்டு மண்வெட்டியோடு யாரும் வேலிக்குப் போகவேண்டாம்.

ஆக, நினைவை வளர்க்குமென்று யாரும் ஒருபோதும் சொல்லாத இரண்டு நஞ்சுகள் மருந்தாகிவிட்டன. நினைவுக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் போற்றப்பட்ட இலைகள் இன்னமும் வாசலில் நிற்கின்றன. இதற்கு நான் காணும் காரணம் இதுதான்: நஞ்சு என்பது மிகச் சிறிய அளவில், உடம்பின் ஒரு குறிப்பிட்ட இடத்தை உறுதியாகப் பற்றிக்கொள்ளும் பொருள், அதன் செய்கை வெளிப்படையாதலால் அளக்கலாம், அளவைக் குறைத்து அடக்கலாம். தினமும் ஒரு பிடி தின்றும் தீங்கு செய்யாத கீரையோ, அதன் சாதுத்தன்மையின் காரணமாகவே, தன் செய்கையை எளிதில் காட்டிக்கொடுப்பதில்லை. அதனிடம் ஒன்றுமில்லையென்று இதனால் ஆகிவிடாது. இருக்கிறதென்று நிரூபிப்பது பன்மடங்கு கடினம் என்பதே பெறப்படும்.

வல்லாரையை எடுத்துக்கொள்வோம். அதன் முக்கிய சத்தான ஆசியாட்டிகோசைடு 1940 களில் மடகாஸ்கர் தீவில் பிரித்தெடுக்கப்பட்டு, தொழுநோய்ப் புண்களையும் காயங்களையும் ஆற்றுவதற்கே முதலில் பயன்பட்டது. நினைவைப் பற்றிய விரிவான ஆராய்ச்சி நடப்பது நமக்கு வெகு தூரத்தில், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்து ஓரிகன் சுகாதார விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தில், அமலா சௌம்யநாத் என்பவருடைய குழுவினரால். அமிலாய்ட் பெருகும்படி மரபணு மாற்றிய முதிய எலிகளுக்கு வல்லாரையின் நீர்ச்சாற்றைக் கொடுத்தபோது, தண்ணீர்த் தொட்டியில் மறைந்திருக்கும் மேடையை நினைவுவைத்துக் கண்டுபிடிக்கும் திறமை திருந்தியதென்று 2012 இல் அவர்கள் வெளியிட்டார்கள். விந்தை என்னவென்றால், மூளையிலிருந்த அமிலாய்ட் குறையவேயில்லை. படிவை அகற்றாமலே அணுக்களைத் தாங்கிக்கொள்ளச் செய்யும் வேறொரு வழி இலையில் இருக்கவேண்டும். அவ்வழியைத் தேடியபோது, ஆசியாட்டிகோசைடு வகையறாவோடு, காபியோயில்குயினிக் அமிலங்கள் எனப்படும் இன்னொரு கூட்டமும் நரம்பணுக்களைக் காப்பதாகத் தெரிந்தது. ஒரு சத்தை மட்டும் பிரித்தெடுத்துக் குளிசையாக்கினால் போதுமா, முழு இலையின் சாறே வேண்டுமா என்ற கேள்வி இதனால் எழுந்தது. பரியாரிமாருக்கு இக்கேள்வி புன்சிரிப்பைத் தரக்கூடும். ஆனால் எலி வேறு, மனிதன் வேறு. மனிதர்மீது அதுவரை நடந்த பதினொரு பரிசோதனைகளைத் திரட்டி 2017 இல் வெளிவந்த மதிப்பீடொன்று, வல்லாரை உண்டவர்களிடம் விழிப்புணர்வு சற்றுக் கூடியிருக்கலாமென்றும், நினைவோ அறிவுத்திறனோ உயர்ந்ததற்குச் சான்றில்லையென்றும் முடித்தது.

நீர்ப்பிரமியின் நிலை இதைவிடச் சற்று மேல். 1960 களிலேயே லக்னௌவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் அதன் பாகோசைடுகள் என்னும் சத்துகளை இனங்கண்டது. போர்ட்லண்டில் 65 வயதைக் கடந்த 54 ஆரோக்கியமான முதியோரைக் கொண்டு 2008 இல் வெளியிட்ட பரிசோதனையில், பன்னிரண்டு வாரங்கள் நாள்தோறும் 300 மில்லிகிராம் சாரம் உண்டவர்கள், சற்று முன் கேட்ட சொற்களைத் தாமதித்து நினைவுகூர்வதில் மேம்பட்டார்கள். சரி, ஆனால் அவர்களுக்கு நோயில்லை. நோயில்லாதவனுடைய நினைவைச் சிறிது கூர்மைப்படுத்துவதும் அல்சைமரை மறிப்பதும் வெவ்வேறு காரியங்கள். மருந்துக்கடை விளம்பரங்கள் இந்த வேற்றுமையை மிகச் சாமர்த்தியமாக மறைத்துவிடுகின்றன.

மஞ்சளின் கதை இன்னும் படிப்பினை மிக்கது. ஹரியானா மாநிலத்துப் பல்லப்கர் கிராமங்களில் நடத்திய இந்திய-அமெரிக்க ஆய்வொன்று, அங்கே அல்சைமர் புதிதாகத் தோன்றும் வீதம் உலகில் அறியப்பட்டவற்றுள் மிகக் குறைந்தவற்றுள் ஒன்று என்று 2001 இல் அறிவித்தது. அதே ஆண்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தார், மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் எலிகளின் மூளையில் அமிலாய்டைக் குறைத்ததென்று காட்டினார்கள். இரண்டையும் முடிச்சுப்போடப் பத்திரிகைகளுக்கு நெடுநேரம் செல்லவில்லை: இந்தியர் கறி தின்கிறார்கள், ஆகையால் மறப்பதில்லை! பல்லப்கர் ஆய்வாளர்களோ மஞ்சளை அளந்தவர்களல்லர். ஆயுள் குறைவு, படிப்பறிவு, மறதியை முதுமையின் இயல்பென்று குடும்பத்தார் கருதிவிடும் மனப்போக்கு எனக் கருதவேண்டியவை பல இருந்தன. பின்னர் அதே லொஸ் ஏஞ்சலிஸில், நோயாளர் 36 பேருக்கு நாளொன்றுக்கு 2 கிராமோ 4 கிராமோ குர்குமினோ வெற்று மருந்தோ 24 வாரங்கள் கொடுத்துப் பார்த்தபோது, 2012 இல் வெளிவந்த முடிவு ஏமாற்றமளித்தது: பயன் எதுவும் தென்படவில்லை, இரத்தத்தில் குர்குமினும் சொற்பமாகவே தென்பட்டது. குடல் அதை அவ்வளவாக ஏற்பதில்லை. ஏற்ற சிறிதையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியேற்றிவிடுகிறது. மூளையை எட்டுவது கடலில் கரைத்த பெருங்காயமே. மிளகிலுள்ள பைப்பரின் என்னும் சத்தைச் சேர்த்தால் இரத்தத்தில் குர்குமின் பன்மடங்கு கூடுமென்று பெங்களூர் ஆராய்ச்சியாளர் 1998 இலேயே கண்டிருந்தார்கள். மஞ்சளையும் மிளகையும் ஒரே அம்மியில் வைத்தரைத்த நம் சமையல் முறையை இது நினைப்பூட்டுகிறது என்றாலும், கல்லீரலின் கைகளைக் கட்டிப்போட்டுத்தான் மிளகு அந்த வேலையைச் செய்கிறது என்பதையும், வேறு மருந்துகள் உண்பவர்களுக்கு அது அபாயமாகலாம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். 2017 இல் மருந்து ரசாயன நிபுணர் சிலர் இன்னும் கடுமையாகப் பேசினார்கள்: குர்குமின் நிலையற்றது, நிறமும் ஒளியும் உடையது, பல சோதனைகளில் அது காட்டும் நற்செய்கைகள் கருவியை ஏமாற்றும் போலித் தோற்றங்களாக இருக்கக்கூடும் என்றார்கள். 2018 இல் நோயற்ற நாற்பது பேருள் ஒரு பகுதியினருக்கு, உடம்பு எளிதில் ஏற்கும் வடிவத்தில் குர்குமினைப் பதினெட்டு மாதம் கொடுத்து நினைவு மேம்பட்டதாக லொஸ் ஏஞ்சலிஸிலிருந்தே மற்றொரு சிறு பரிசோதனை வந்ததால், வழக்கு இன்னும் தள்ளுபடியாகவில்லை.

இலங்கைக் கறுவாவும் இந்த வழக்கில் ஒரு கட்சிக்காரர். கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் 2009 இல் அதன் நீர்ச்சாறு டௌ புரதம் ஒன்றோடொன்று திரள்வதைச் சோதனைக்குழாயில் தடுத்தது. சோதனைக்குழாய் மூளையன்று, அவ்வளவே. அமுக்கராவைப் பற்றி 2012 இல் மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் விஜயலட்சுமி ரவீந்திரநாத் குழுவினர் கண்டது சுவையானது: கிழங்கின் சாரத்தை முப்பது நாள் உண்ட எலிகளின் நடத்தை திருந்தியது, ஆனால் மருந்து வேலை செய்தது மூளையிலன்று, கல்லீரலில். அமிலாய்டை இரத்தத்திலிருந்து பற்றியிழுக்கும் புரதத்தைக் கல்லீரலில் அது பெருக்கியது. மூளையிலிருந்தது வடிந்து வந்தது. அதே கல்லீரலுக்கு இச்சாரம் சிலரிடம் ஊறு செய்திருக்கிறது என்னும் முறையீடுகளும் பல நாடுகளில் உண்டு. டென்மார்க், வேறு காரணங்களைக் காட்டி, 2023 இல் அதைத் தடையே செய்துவிட்டது.

ஒரு மூலிகையைச் சரியாகப் பரிசோதிப்பதென்றால் என்னவென்று காட்டியது கிங்கோ என்னும் மரத்தின் இலை. அமெரிக்காவில் 75 வயதுக்கு மேற்பட்ட 3,069 பேருள் ஒரு பாதியினருக்கு நாள்தோறும் இரண்டு வேளை கிங்கோ இலைச்சாரமும், மறுபாதியினருக்கு அதேபோல் தோன்றும் வெற்றுக் குளிசையும் கொடுத்து, யாருக்கு எதுவென்று கொடுத்தவருக்கும் தெரியாதபடி ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மறதி நோய் வந்தவர் தொகை இருபுறமும் வேறுபடவில்லையென்று 2008 இல் முடிவு வந்தது. ஐரோப்பாவில் இலட்சோபலட்சம் பேர் நம்பி உண்ட இலை அது. நம் வல்லாரைக்கு இந்தத் தரத்தில் ஒரு பரிசோதனை இன்றுவரை நடக்கவில்லை, தோற்றதுமில்லை, வென்றதுமில்லை.

அதை நடத்தத் தகுந்த இடங்களுள் திருகோணமலையும் ஒன்று என்று நான் சொன்னால், ஊர்ப்பற்றென்று வாசகர் ஒதுக்கிவிடலாகாது. கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில், சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. செகராசசேகரம், பரராசசேகரம் என்று யாழ்ப்பாணத்து அரசர் பெயரால் வழங்கும் வைத்திய நூல்களின் மரபும் நவீன உடற்கூற்றியலும் அம்மாணவருக்கு ஒருசேரக் கிட்டுகின்றன. பரிசோதிக்கவேண்டிய இலையையோ ஊர் முழுவதும் உண்கிறது. உடனடியாகச் செய்யத்தக்க, பெருஞ்செலவில்லாத வேலையொன்று இருக்கிறது: தம்பலகாமத்து வயலோரத்து வல்லாரையையும், கந்தளாய் வாய்க்கால் வல்லாரையையும், வெளி மாவட்டங்களிலிருந்து லொறியில் வந்து இறங்கும் வல்லாரையையும், மாரியிலும் கோடையிலும் பறித்து, ஆசியாட்டிகோசைடும் மற்ற அமிலங்களும் எதில் எவ்வளவு என்று அளந்து ஓர் அட்டவணை தயாரிப்பது. நிலத்துக்கும் பருவத்துக்கும் ஏற்பச் சத்து வெகுவாக மாறும் செடி இது. பழைய பரிசோதனைகள் ஒன்றோடொன்று முரண்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம். ஈரத்தை நாடி வடிகாலோரத்திலும் வேரூன்றும் செடியாதலால், ஈயமும் கட்மியமும் எவ்வளவு ஏறியிருக்கின்றன என்பதையும் அதே கையோடு பார்த்துவிடலாம். மூளைக்கென்று குடிக்கும் கஞ்சியில் மூளைக்குப் பகையான ஈயம் இருக்குமானால் அதைவிட அநியாயம் வேறில்லை.

போர்ட்லண்ட் குழுவினர் நோயாளரிடம் செல்லுமுன் செய்ததும் இவ்வகை வேலையே. சத்துகளின் அளவை நிலைநிறுத்திய வல்லாரைச் சாறொன்றைத் தயாரித்து, அல்சைமர் மருந்து உண்டுகொண்டிருக்கும் மிகச் சில முதியோருக்கு 2 கிராம், 4 கிராம் என்று ஒவ்வொரு வேளை கொடுத்து, மணிக்கு மணி இரத்தமெடுத்து, எந்தச் சத்து எப்போது ஏறி எப்போது இறங்குகிறதென்று 2022 இல் வெளியிட்டார்கள். சத்துகள் இரத்தத்தை எட்டின. 4 கிராம் அளவையும் உடம்பு பொறுத்துக்கொண்டது. நினைவு திரும்பியதா என்ற கேள்வியை அந்த ஆய்வில் அவர்கள் கேட்கவேயில்லை. கேட்பதற்கு முன் தெரிந்துகொள்ளவேண்டியதைத் தெரிந்துகொண்டார்கள்.

இதற்கிடையில் வீட்டில் ஓர் அப்புவோ ஆச்சியோ பாதை தவறினால், அடுப்பில் வைத்ததை மறந்தால், பிள்ளையின் பெயரை மாற்றியழைத்தால், மூலிகைக் குளிசைப் போத்தலுக்குப் பணம் செலவிடுமுன் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டும். தைரொயிட் சுரப்புக் குறைவும், உயிர்ச்சத்து பி12 இன் குறைவும், மனச்சோர்வும், சில மருந்துகளின் பக்கவிளைவும் அல்சைமரைப் போலவே வேடமிடும். இவை திருத்தத்தக்கவை, இரத்தப் பரிசோதனையிலும் நிதானமான விசாரணையிலும் வெளிப்பட்டுவிடுபவை. ஏற்கெனவே ரிவாஸ்டிக்மினோ, கலன்டமினோ, அதே வகையைச் சேர்ந்த டொனபெசில் என்னும் மருந்தோ உண்பவர் அதே நொதியை முடக்கும் மூலிகைச் சாரத்தையும் சேர்த்தால் நாடித்துடிப்பு அபாயகரமாகக் குறையலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்துண்பவர் கிங்கோவையும் செறிவூட்டிய குர்குமினையும் தவிர்க்கவேண்டும். வல்லாரைச் சம்பலுக்கும் இலைக்கஞ்சிக்கும் இந்தத் தடையெதுவுமில்லை. நல்ல நீரில் வளர்ந்த இலையா என்று மட்டும் கீரைக்காரியிடம் கேட்டு வாங்கலாம்.